பேய்க்கு என்ன வேண்டும் என்று சொல்லாத புத்தகம்

பேய்க் கதைப் புத்தகம் வாங்கினால் படித்தோமா, பயந்தோமா, அலமாரியில் செருகினோமா என்று முடிந்துவிடும். பேய் விளையாட்டுப் புத்தகத்தின் பாடு வேறு. ஒருவர் காசு போட்டு வாங்கி, 400 பக்கத்தைப் படித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து பேரை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, மூன்று மணி நேரம் அவர்கள் போனைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் புத்தகம் கைவிட்டால் அவமானம் எழுதியவருக்கு இல்லை, நடத்துகிறவருக்குத்தான். அதனால் “படங்கள் பிரமாதம், தாள் வழவழவென்று இருக்கிறது” என்கிற மதிப்புரைகளால் எனக்கு ஒரு பயனும் இல்லை. வேலூரில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் கூலியும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய் வரைக்கும் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேறு ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரை கேம் மாஸ்டர் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு “நான் கதவைத் திறக்கறேன்”, “நான் கிழவிகிட்ட பேச்சுக் குடுக்கறேன்” என்று வாயால் ஆடுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் டைஸ் உருட்டுவார்கள். ஜெயிப்பது தோற்பது கிடையாது. கூத்து பார்த்து வளர்ந்த வட ஆற்காட்டுக்காரனுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. கூத்தில் துரியோதனன் சாவான் என்று எல்லோருக்கும் தெரியும், இதில் தெரியாது. அவ்வளவுதான்.

எனக்குப் பிழைப்பு பத்திரம் எழுதுவது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு கிரயப் பத்திரம் கைக்கு வந்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டேன். நேராகச் சொத்து விவரத்துக்குப் போவேன், நான்கெல்லை பார்ப்பேன், அப்புறம் வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்பேன். இந்த இடத்தின் மேல் யாருக்கு என்ன பாத்தியதை, யார் பங்கு தீராமல் நிற்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் அலங்காரம். பேய் விளையாட்டுப் புத்தகத்தையும் இப்படித்தான் புரட்டுகிறேன். முன்னுரையையும் உலக வரலாற்றையும் தாண்டி நடுவில் திறப்பேன். ஒரு பேயையோ பிசாசையோ பற்றிய பக்கத்தை எடுத்துக்கொண்டு அங்கே ஒரே ஒரு விஷயத்தைத் தேடுவேன். இதற்கு என்ன வேண்டும்?

இந்தக் கேள்வி என்னுடையது கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சந்தேகப்பட்டால் பம்பைக்காரரைக் கூப்பிடுவார்கள். பம்பையும் உடுக்கையும் அடித்து, வர்ணித்து, ஆட்டம் ஏறினதும் பூசாரி கேட்பார். “நீ யாரு? எங்கிருந்து வந்த? எதுக்கு இந்த உடம்பப் புடிச்ச? உனக்கு இன்னா வேணும்?” அது அழும், திட்டும், பொய்ப் பேரைச் சொல்லும். கடைசியில் பேரம் படியும். ஒரு கோழி, ஒரு படையல், ஒரு சேலை. போகிறேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பதும் உண்டு. இதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு. அந்த விசாரணையில் சண்டைக்கு முன்னால் பேச்சு வருகிறது, பேய்க்கு ஒரு பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கத்தைக் கேட்காமல் அதை அனுப்ப முடியாது. நல்ல ஆட்டத்துக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அதில் இருக்கிறது.

இப்போது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பக்கம் வருவோம். 1977இல் வந்த அதன் ‘மான்ஸ்டர் மேனுவல்’ புத்தகத்தில் நம்ம ராட்சசன் இருக்கிறான். புலித்தலை, வாயில் புகைக்கும் பைப். மாயத் தோற்றம் காட்டி ஏமாற்றுவான், மந்திரித்த அம்பு பட்டால் செத்துப்போவான். 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய் இந்திரனுக்கும் அக்னிக்கும் காளிக்கும்கூட ஹிட் பாயிண்ட் போட்டது. ஹிட் பாயிண்ட் என்றால் எத்தனை அடி தாங்கும் என்கிற எண். எனக்குச் சிரிப்புதான் வந்தது, கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. எண்ணைக் கொடுத்துவிட்டால் மேசையில் இருப்பவர்கள் அந்த எண்ணைப் பூஜ்யம் ஆக்கத்தான் பார்ப்பார்கள். புத்தகம் அதற்கு வேறு எதையும் கற்றுக்கொடுக்கவில்லையே. அப்படிப்பட்ட ஆட்டத்தில் பேய் என்பது வெள்ளை வேட்டி கட்டிய கரடி. அடித்தால் விழும்.

அதே கம்பெனி 1983இல் வெளியிட்ட ‘ரேவன்லாஃப்ட்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் இதுதான். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதியது, மொத்தமே 32 பக்கம். ஸ்ட்ராட் என்கிற இரத்தம் குடிக்கும் பிரபு, அவன் கோட்டை, மூடுபனி சூழ்ந்த ஊர். ஆட்டம் தொடங்கும்போது ஒரு கிழவி சீட்டுப் போட்டுக் குறி சொல்கிறாள். அவனை அழிக்கும் பொருள்கள் எங்கே இருக்கின்றன, அவனை எங்கே சந்திப்போம் என்பதோடு, அவனுக்கு இப்போது என்ன வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டுதான் முடிவு செய்கிறது. நம்ம ஊரில் குறி கேட்கப் போகிற எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. சீட்டு விழுந்ததும் நடத்துகிறவருக்கு அந்த இரவு முழுக்க வேலை தெளிவாகிவிடுகிறது. இந்த ஆள் எதைத் தேடி அலைகிறான் என்று தெரிந்தால் அவன் அடுத்து எங்கே வருவான் என்று யோசிக்கத் தேவையில்லை. 2016இல் இதையே ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்று 256 பக்கமாக விரித்தார்கள். அதுவும் நல்ல புத்தகம்தான், பல பேர் வருடக்கணக்கில் ஆடுகிறார்கள். எங்கள் மேசைக்கு ஆள் சேர்வதே பெரும்பாடு. எனக்கு 32 பக்கம் போதும்.

எங்கள் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மச்சான், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எந்தப் பிரச்சினைக்கும் கடப்பாரைதான் தீர்வு என்று நம்புபவர். இரவு டியூட்டி பார்க்கும் ஒரு நர்ஸ் அக்கா, எதற்கும் பயப்பட மாட்டார். ஒரு கல்லூரிப் பையன், விதிமுறைகளை எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் படித்துவிட்டு வருவான். இன்னொரு பையன், தாத்தா பம்பைக்காரர். இவர்களை வைத்துக்கொண்டு ‘கால் ஆஃப் கதுலூ’ ஆட்டத்தின் இலவச அறிமுகப் புத்தகத்தில் இருக்கும் ‘தி ஹாண்டிங்’ கதையை நடத்தினேன். இந்த ஆட்டம் 1981இல் கேயாசியம் கம்பெனி வெளியிட்டது, எழுதியவர் சாண்டி பீட்டர்சன். பேய் விளையாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையில்தான் கால் வைப்பார்கள். பாஸ்டன் நகரில் ஒரு பாழடைந்த வீடு. குடியிருந்த குடும்பத்துக்கு ஏதோ ஆகிவிட்டது, வீட்டுக்காரருக்கு வாடகைக்கு ஆள் கிடைக்கவில்லை, என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள் என்று நம்மை அமர்த்துகிறார்.

பாஸ்டனைத் தூக்கிவிட்டுச் சத்துவாச்சாரி பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடாக மாற்றினேன். இடத்தை மாற்ற எந்தச் சிரமமும் இல்லை, வாடகைக்கு ஆள் வராத வீட்டுக்காரரின் கவலை எல்லா ஊரிலும் ஒன்றுதான். மச்சான் எடுத்த எடுப்பில், “ஈசி போட்டுப் பாத்தாங்களா?” என்று கேட்டார். ஈசி என்றால் வில்லங்கச் சான்று. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கதையின் அருமையான பகுதியே பழைய பதிவேடுகள்தான். அந்த வீட்டை விலைக்கு வாங்கின கார்பிட் என்கிறவன் தன் உயிலில் என்னை இந்த வீட்டின் நிலவறையிலேயே புதைக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறான். அக்கம்பக்கத்தார் அதைத் தடுக்க வழக்குப் போடுகிறார்கள். தீர்ப்பு என்ன ஆனது என்பதற்குப் பதிவு இல்லை. அந்த ஒரு வரியை நான் வாசித்ததும் மேசையில் ஒருவரும் பேசவில்லை. அக்காதான் மெல்ல, “அப்போ உள்ளதான் இருக்கானா?” என்றார். பேய் இன்னும் வரவே இல்லை. ஒரு தீராத வழக்கு மட்டும் வந்திருக்கிறது. உயிரை எடுக்கிற பயம் அதில் இருந்தது. புத்தகத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்த இடம் அது.

அப்புறம் நிலவறைக்கு இறங்கினார்கள். கத்தி தானாகப் பறந்தது, கட்டில் ஆளைத் தூக்கி எறிந்தது, எல்லாம் சரியாகத்தான் போனது. கார்பிட் எழுந்து நின்றதும் மச்சான் கடப்பாரையை எடுத்தார். பம்பைக்காரர் பேரன், “இருங்க மாமா” என்று தடுத்துவிட்டுப் பேயைப் பார்த்துக் கேட்டான்.

“நீ கேட்டபடி உன்ன இங்கயேதான் பொதச்சிருக்காங்க. இன்னும் இன்னா வேணும் உனக்கு?”

நான் புத்தகத்தைப் பார்த்தேன். கார்பிட்டுக்கு வலிமை எத்தனை, எந்தக் கத்தியால் குத்தினால் அவன் அழிவான், எந்த மந்திரம் தெரியும் என்று எல்லாம் இருந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எழுதியவருக்கு அந்தக் கேள்வி வரும் என்றே தோன்றவில்லை. பேயிடம் போய் யாராவது பேசுவார்களா என்ன? எங்கள் ஊரில் முதலில் அதைத்தான் செய்வார்கள். வழக்குப் போட்டவர்களின் வாரிசுகள் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நானே ஒன்றை அந்த நிமிஷத்தில் கட்டிச் சொன்னேன். ஆட்டம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு நீண்டது, வாரிசுதாரர்களைத் தேடி. வாரிசுச் சான்று வாங்குவதில் இருக்கும் திகில் எந்தப் பேய்க்கும் குறைந்ததில்லை என்பது என் தொழில்முறைக் கருத்து.

இந்த இடத்தில்தான் ‘வேசென்’ என்கிற ஸ்வீடன் புத்தகம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2020இல் ஃப்ரீ லீக் கம்பெனி வெளியிட்டது, எழுதியவர் நில்ஸ் ஹிண்ட்சே. ஓவியங்கள் யோஹன் ஏகர்க்ரான்ஸ் வரைந்தவை. 19ஆம் நூற்றாண்டு ஸ்காண்டிநேவியா. காட்டிலும் ஓடையிலும் தொழுவத்திலும் இருக்கிற நாட்டுப்புற ஆவிகளோடு ஜனங்கள் காலங்காலமாக ஒரு ஏற்பாட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். ஆலைகள் வருகின்றன, ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விடுகிறார்கள், தொழுவத்துக் குள்ளனுக்கு வைக்க வேண்டிய கஞ்சியை வைக்க ஆள் இல்லை. ஆவிகள் முறுக்கிக்கொள்கின்றன. பெரும்பாலானவற்றைச் சுட்டோ வெட்டியோ ஒழிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியம் உண்டு, எதை மீறியதால் கோபம், எதைச் செய்தால் தணியும் என்பது. அதை ஊராரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்கள் சும்மா இருந்தால் ஊரில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதையும் கதைகளில் வரிசையாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? சாலையை அகலப்படுத்துகிறார்கள், ஓரத்து முனீஸ்வரனை நகர்த்த வேண்டும். சும்மா நகர்த்த முடியுமா? பூசாரி வர வேண்டும், பூப்போட்டுக் கேட்க வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும், புது இடம் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அந்த வளைவில் லாரி கவிழும் என்று ஊர் சொல்லும். ‘வேசென்’ புத்தகத்தைத் திறந்து ஸ்வீடன் பேர்களை அடித்துவிட்டு ஆம்பூர், வாணியம்பாடி, தோல் ஷாப்பு, வறண்ட பாலாறு என்று எழுதிக்கொண்டே போகலாம், கதை ஒட்டிக்கொள்ளும். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் எழுதப்பட்ட புத்தகம் என்னை விட்டு விலகி நிற்கவில்லை. புலித்தலை ராட்சசன்தான் விலகி நின்றான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அதன் டைஸ் விதி சாதாரணம். ஆறுமுக டைஸ் ஒரு கைப்பிடி உருட்டு, ஆறு விழுந்தால் வெற்றி. இரண்டு மூன்று ஆட்டத்துக்கு அப்புறம் ஒரே மாதிரி இருக்கிறது என்று கல்லூரிப் பையன் சலித்துக்கொண்டான். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

விதி என்று பேச்சு வந்துவிட்டதால் அதையும் பார்த்துவிடலாம். பயத்தைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிற புத்தகத்தைவிட, விதியாலேயே பயமுறுத்துகிற புத்தகத்துக்கு நான் காசு கொடுப்பேன். ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’ 1991இல் வந்தது, மார்க் ரைன்-ஹேகன் எழுதியது. நாமே இரத்தம் குடிக்கிறவர்களாக ஆட வேண்டும். 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பசி டைஸ் என்று ஒன்று வைத்தார்கள். பசி ஏற ஏற நம் சாதாரண டைஸ்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்பு டைஸ் போட வேண்டும். அதில் மோசமாக விழுந்தால் செய்ய வந்த காரியத்தை உள்ளே இருக்கிற மிருகம் செய்துவிடும். வெற்றி கிடைத்தாலும் அசிங்கமான வெற்றியாகக் கிடைக்கும். அக்கா கையில் ஐந்தும் சிவப்பாக இருந்தபோது, வீட்டுக்காரம்மாவிடம் வாடகைக்குத் தவணை கேட்கிற காட்சிகூடத் திகிலாக இருந்தது. நான் ஒரு வர்ணனையும் சொல்லவில்லை.

‘டிரெட்’ என்கிற 2005ஆம் வருடப் புத்தகத்தில் டைஸே கிடையாது. ஜெங்கா மரக்கட்டைக் கோபுரம்தான். ஆபத்தான காரியம் செய்ய வேண்டுமென்றால் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் உங்கள் கையில் சரிந்தால் உங்கள் பாத்திரம் கதையை விட்டுப் போய்விடும். ‘டென் கேண்டில்ஸ்’ 2015இல் ஸ்டீபன் டூயி எழுதியது. பத்து மெழுகுவர்த்தி ஏற்றி இருட்டில் ஆட வேண்டும், ஒன்று அணைந்தால் காட்சி முடிந்தது, மறுபடி ஏற்றக் கூடாது, கடைசி வர்த்தி அணையும்போது எல்லோரும் செத்திருப்பார்கள். இரண்டுமே அபாரமான யோசனை. ஆனால் இந்தப் புத்தகங்களை மதிப்பிட்ட எவரும் மே மாத வேலூரில் உட்கார்ந்து எழுதவில்லை. ஃபேன் போட்டால் மெழுகுவர்த்தி அணையும், ஜெங்கா ஆடும். ஃபேன் நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் பனியன் பிழியலாம். ‘டென் கேண்டில்ஸ்’ ஆட்டத்தை மார்கழியில் மாடியில் வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. பேயைவிட வெயிலுக்கு அதிகம் பயப்படுகிற ஊரில் இருக்கிறோம், புத்தகம் வாங்கும்போது இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

‘கதுலூ’வின் சித்த சுவாதீன எண்ணைப் பற்றி எனக்கும் அக்காவுக்கும் ஒரு தீராத வாக்குவாதம் உண்டு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் அந்த எண் குறையும். ஆட்டத்துக்குப் பேர் கொடுத்த கதுலூ என்கிற பூதத்தையே பார்த்துவிட்டால், டைஸில் தப்பினாலும் பத்து வரை போகும், தப்பாவிட்டால் நூறு வரை போகும். 1981இல் இது பெரிய கண்டுபிடிப்பு. அதுவரை ஆட்டத்தில் வலிமை ஏறிக்கொண்டே போகும், இதில் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள ஆள் தேய்கிறான். நான் இதன் கட்சி. அக்காவோ, “வார்டுல நான் பாக்கறவங்களுக்கு ஒரு டைஸ் உருட்டினதால எதுவும் வரலடா தம்பி. பட்டியல்ல இருந்து ஒரு நோய எடுத்து ஆளுக்கு மாட்டி விடறது எனக்கு வேடிக்கையா இல்ல” என்கிறார். அவர் சொல்வது நியாயம். எண்ணை வைத்துக்கொண்டோம், நோய்ப் பட்டியலைத் தூக்கிவிட்டோம். பயந்த பாத்திரம் என்ன செய்யும் என்று ஆடுகிறவரே சொல்வார்.

துப்பு தேடுகிற கதைகளில் இன்னொரு தொல்லை. நூலகத்தில் தேட டைஸ் உருட்டச் சொல்வார்கள். தவறிவிட்டால் துப்பு கிடைக்காது, துப்பு இல்லையென்றால் கதை நகராது. எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிமுறை இதை ஒரே போடாகப் போட்டது. தேடத் தெரிந்த ஆள் சரியான இடத்தில் தேடினால் முக்கியமான துப்பு கிடைத்தே தீரும். அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆட்டம். கென்னத் ஹைட் எழுதிய ‘டிரெயில் ஆஃப் கதுலூ’ 2008இல் அப்படி வந்தது. அது என்னிடம் இல்லாவிட்டாலும் அந்த விதியை எல்லாக் கதைகளுக்கும் எடுத்துக்கொண்டுவிட்டேன். மனு கொடுத்தால் வில்லங்கச் சான்று வந்துதான் ஆக வேண்டும். நேரம் ஆகலாம், அது வேறு.

இனி அந்த உலக வரலாற்று அத்தியாயங்கள். பாதிப் புத்தகம் இதிலேயே போய்விடும். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். வேலூர்க் கோட்டையைப் பற்றி ஒரு புத்தகம் இப்படி எழுதலாம். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்தது, திப்புவின் குடும்பத்தை இங்கே காவலில் வைத்தார்கள், 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அடக்கியது, கண்டியின் கடைசி அரசன் வேலூரிலேயே 1832இல் இறந்தான், சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. எல்லாம் உண்மை, எல்லாம் சுவாரசியம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு என் ஆட்கள் அகழியைத் தாண்டி உள்ளே நுழைந்தால் நான் என்ன சொல்வது? இதில் பதில் இல்லை.

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். கடைசியில் சொன்னது ஜலகண்டேஸ்வரர் கோயில். நூற்றாண்டுகளாகக் கருவறை காலியாகக் கிடந்து, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல்தான் கொண்டுவந்து வைத்தார்கள். இதை நான் ஆட்டத்துக்கு எழுதினால் இப்படி எழுதுவேன். வீடு காலியாக இருந்த அத்தனை காலமும் கோட்டைக்குள் ஒன்று குடியிருந்தது. சாமி திரும்பி வந்ததும் அது வெளியே வந்துவிட்டது. போக இடமில்லை. இப்போது காலி வீடுகளாகத் தேடுகிறது, சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் ‘வாடகைக்கு விடப்படும்’ பலகை தொங்குகிற வீடுகள். அது இருக்கிற அறையில் பழைய வெடிமருந்து வாசனை வரும். யாராவது குடிவந்தால் முதல் வாரம் கெஞ்சும், இரண்டாவது வாரம் மிரட்டும். அதோடு நிறுத்திக்கொள்வேன். நாலைந்து வரிதான், கற்பனைதான். ஆனால் இதை வைத்து இன்றைக்கே ஆட்டம் தொடங்கலாம். வரலாற்று அத்தியாயத்தில் இப்படி நாலு வரி இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை.

நாங்கள் தமிழில் ஆடுகிறோம் என்பதால் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. உரக்க வாசிக்க என்று கட்டம் கட்டி எழுதியிருக்கும் ஆங்கிலப் பத்திகள் எங்களுக்குச் சுமை. அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சொல்வதற்குள் சூடு ஆறிவிடும். ஈரம், எரிந்த நெய் வாசனை, மூலையில் தொட்டில் என்று துண்டு துண்டாகக் குறிப்பு கொடுத்திருக்கும் புத்தகம் வரம். தமிழில் நடத்துகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

கடைசியாக ஒரு தகராறான விஷயம். அடுத்தவர் நம்பிக்கையை எடுத்துப் பேயாக மாற்றுவது. ரேவன்லாஃப்டில் சீட்டுக் குறி சொல்கிற விஸ்தானி என்கிற நாடோடிக் கூட்டம், ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய அவதூறுகளை அப்படியே சுமந்துகொண்டிருந்தது. கண்டனம் வந்து 2020இல் வெளியீட்டாளர்கள் திருத்த முன்வந்தார்கள். 2018இல் வேம்பயர் வரிசையில் ஒரு புத்தகம், ரஷ்யாவின் செச்னியாவில் ஒருபாலீர்ப்பாளர்கள் மீது நிஜமாக நடந்த கொடுமைகளை இரத்தக் காட்டேரிகள் தங்களை மறைத்துக்கொள்ளப் போட்ட திரை என்று எழுதிவைத்தது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கினார்கள். உயிரோடு இருக்கிற மனிதர்களின் துயரத்தைப் பேய்க்கு மேக்கப்பாகப் பூசினால் அந்தப் புத்தகத்தை நான் கீழே வைத்துவிடுவேன், விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

நம் பக்கத்தில் இது இன்னும் சிக்கல். காட்டேரி என்றால் சினிமாவில் கோரைப்பல். எங்கள் மேசையில் ஒருவர் வீட்டில் காட்டேரியம்மனுக்குப் படையல் போடுகிறார்கள், பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவள் காவல். மயானக் கொள்ளை அன்றைக்குப் பாலாற்றங்கரையில் காளி வேஷம் கட்டி வருகிறவரை வேஷம் என்று நினைத்துக் கும்பிடாமல் போகிறவர் யார்? அநியாயமாகச் செத்தவர்கள் பலர் இங்கே பிற்பாடு சாமி ஆகியிருக்கிறார்கள், அவர்களைச் சாகடித்த குடும்பமே வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற கதைகள் உண்டு. அதனால் எங்களுக்கு ஓர் ஏற்பாடு. யாராவது ஒருவர் வீட்டில் கும்பிடுகிற எதுவும் மேசையில் எதிரியாக வராது, அதற்கு எண்ணும் போட மாட்டோம். கதையில் அது இருக்கலாம், அதனிடம் கேட்கலாம், அது பதில் சொல்லாமலும் போகலாம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் சொன்ன எக்ஸ் அட்டையையும் வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு சீட்டு, யாருக்காவது ஒரு காட்சி ஒப்பவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிட வேண்டும். இப்படி ஏதாவது ஓர் ஏற்பாட்டைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதாத திகில் புத்தகம் இன்றைக்கு வந்தால் அரைகுறை என்றுதான் சொல்வேன்.

என் அம்மாவுக்கு இந்த நியாயமெல்லாம் செல்லாது. “விளக்கு வெக்கிற நேரத்துல பேய்ப் பேச்சு எதுக்குடா?” என்பார். 1980களில் அமெரிக்கத் தாய்மார்களில் சிலர் இதைவிட அதிகம் பயந்தார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகிறது என்று பெட்ரீஷியா புல்லிங் என்பவர் 1983இல் சங்கமே ஆரம்பித்தார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பிசாசுகளின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அம்மா அந்த அளவுக்குப் போகவில்லை. ஆறு மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

வாங்க நினைக்கிறவர்களுக்கு. எடுத்த உடனே 448 பக்க ‘கதுலூ’ கீப்பர் (அந்த ஆட்டத்தில் கேம் மாஸ்டருக்குப் பேர்) புத்தகத்தை வாங்காதீர்கள். அந்த இலவச அறிமுகப் புத்தகத்தை இறக்கி ‘தி ஹாண்டிங்’ நடத்திப் பாருங்கள், கார்பிட்டுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். காசு கொடுத்து ஒரே ஒரு புத்தகம்தான் என்றால் ‘வேசென்’. அச்சுப் பிரதி கட்டுப்படியாகவில்லையா, பிடிஎஃப் வாங்கி வேண்டிய பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது ஓவியப் பக்கங்களையும் கறுப்புப் பின்னணி போட்ட பக்கங்களையும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, “டோனர் காசு நீ தரியா தம்பி?” என்று கேட்டார்.